டொலரில் வாங்கிய கடனும் ரூபாயில் வாழும் ஆட்களும்

உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். "உலக நிதிச் சந்தைக்குக் கதவைத் திறந்த நாடுகளில் கடனும் ஏற்றத்தாழ்வும் கூடுகின்றன என்கிறார்கள். இலங்கையில் நடந்தது அதுதானா, இல்லை ஆட்சியாளர்களின் ஊதாரித்தனமும் சீனக் கடனும்தான் காரணமா?" என்று கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கடன் ஏன் அந்த உயரத்துக்கு ஏறியது என்பது ஒன்று. அது சரிந்தபோது யார் தலையில் விழுந்தது என்பது மற்றது. முதலாவதில் குற்றவாளிகள் பலர். யாருக்கு எத்தனை பங்கு என்பதில் பொருளியலாளர்கள் இன்னும் பிடிவாதமாக முரண்படுகிறார்கள். இரண்டாவதை ஒரு சாதாரணக் கல்குலேட்டரை வைத்துக்கொண்டே காட்டிவிடலாம். பேச்சு பெரும்பாலும் முதலாவதோடு முடிந்துவிடுவதால், நான் இரண்டாவதில் கூடுதலாக நிற்கப்போகிறேன்.

வெளிநாட்டுப் பணம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் பல சாதிகள் உண்டு. மத்திய கிழக்கில் வேலை செய்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை யாருக்கும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலை போட்டவர் கட்டடத்தைக் கழற்றிக்கொண்டு ஓர் இரவில் ஓட முடியாது. ஜப்பானும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும் தந்த சலுகைக் கடன்களுக்கு வட்டி ஒன்று இரண்டு சதவீதம். தவணைக்காலம் இருபது முப்பது ஆண்டுகள். தொடக்கத்தில் சில ஆண்டுகள் வாங்கிய முதல் தொகையைத் தொடவே வேண்டாம். 1977-இல் இலங்கை வணிகத்தைத் திறந்துவிட்ட பிறகும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாட்டின் வெளிக்கடன் பெரும்பாலும் இந்த வகைதான். நிதிக் கதவு அகலமாகத் திறந்தது பிறகு. 2006-இன் இறுதியில் வெளிநாட்டவர் ரூபாய்த் திறைசேரி முறிகளை (அரசு விற்கும் நீண்ட காலக் கடன்பத்திரங்களை) வாங்க அனுமதிக்கப்பட்டார்கள். 2007 ஒக்டோபரில் முதல் சர்வதேச இறையாண்மை முறி, அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் விற்கும் கடன்பத்திரம், 500 மில்லியன் டொலருக்கு வெளியானது: ஐந்து ஆண்டு, 8.25 சதவீத வட்டி. அங்கிருந்து 2019 வரை இப்படி வெளியிட்ட முறிகளின் கூட்டுத்தொகை 17 பில்லியன் டொலரைத் தாண்டும்.

இந்த முறியின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். வட்டியை ஆண்டுக்கு இரு முறை கட்ட வேண்டும். முதலை, வீட்டுக் கடன் போல மாதாமாதம் சிறுகச் சிறுகக் குறைக்க வழியில்லை. ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், குறித்த ஒரு நாளில், முழுத்தொகையும் டொலராகக் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான அரசுகள் அதைச் சேர்த்து வைப்பதில்லை. புதிய முறி விற்றுப் பழையதை அடைப்பதுதான் நடைமுறை. ஆகவே கடனாளி ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒரு முறை சந்தையின் முன் போய் நிற்க வேண்டும். அன்றைக்குச் சந்தையின் மனநிலை எப்படியோ அப்படித்தான் வட்டி. சலுகைக் கடனில் இந்த ஆபத்து கிடையாது. இன்னொன்று, சலுகைக் கடன் ஒரு பாலத்துக்கோ நீர்த்திட்டத்துக்கோ கட்டப்பட்டு வரும். கோப்பைத் திறந்தால் பணம் எங்கே போனது என்று தெரியும். முறிப் பணம் பொது வரவுசெலவுக்குள் கலந்துவிடும். அதில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவும் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் இடையிலான ஓட்டையை அடைக்கவும் போனது. ஓட்டை ஏன் பெரிதானது என்றால், 2000-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருந்த பொருள் ஏற்றுமதி, 2010-களின் நடுப்பகுதியில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டொலரில் கடன் ஏறுகிறது, டொலர் சம்பாதிக்கும் பகுதி சுருங்குகிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன.

சீனாவைப் பற்றிய பகுதியை இங்கேயே முடித்துவிடுகிறேன். 2022-இல் நாடு வங்குரோத்தானபோது நிலுவையில் இருந்த இறையாண்மை முறிகள் ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர். வெளிக்கடனில் ஆகப் பெரிய தனித் துண்டு அதுதான். சீனக் கடன், அரச நிறுவனங்களின் பெயரில் வாங்கியதையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவு. "கட்ட முடியாமல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கொடுத்தார்கள்" என்ற கதையில் ஒரு முக்கியமான பிழை உண்டு. 2017-இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது; 1.12 பில்லியன் டொலர் வந்தது. ஆனால் அதைக் கட்டுவதற்காகச் சீன எக்சிம் வங்கியிடம் வாங்கிய கடன் அந்தப் பணத்தால் கழிக்கப்படவில்லை. அது அரசின் கணக்கிலேயே தொடர்ந்தது. குத்தகைப் பணம் அந்நியச் செலாவணி ஒதுக்கைத் தூக்கிப் பிடிக்கப் பயன்பட்டது. அந்த ஒதுக்கைத் தின்றுகொண்டிருந்ததில் பெரும்பங்கு மேற்குலக முதலீட்டு நிதியங்கள் வைத்திருந்த முறிகளுக்கு. சீனத் திட்டங்களின் தரமும் விலையும் தனியாகப் பேச வேண்டியவை. பலதில் வருமானமே வரவில்லை. ஆனால் கழுத்தை நெரித்த கயிறு முறிகளின் முதிர்வு அட்டவணைதான்.

உள்ளூர்க் குற்றம் எவ்வளவு என்பதையும் மறைக்கக் கூடாது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15-இலிருந்து 8 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். அந்த வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையை 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்கு உயர்த்தினார்கள். சம்பளத்தில் கழிக்கும் வரியை எடுத்தார்கள். விளைவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம் 2021-இல் 8 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதில் பெரும்பகுதியை வட்டியே விழுங்கியது. 2020-இல், கடனைத் திருப்பிக் கட்டும் தகுதியை மதிப்பிடும் பெரிய தரமதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்றும் நாட்டைக் குப்பைத் தரத்தின் அடித்தட்டுக்குத் தள்ளின. அத்துடன் புதிய முறி விற்கும் வழி அடைபட்டது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் கொவிட்டும் சுற்றுலாவை முடக்கியிருந்தன. ரூபாயை 200-ஐச் சுற்றிக் கட்டிவைத்ததால், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கியை விட்டு, வங்கிக்கு வெளியே பணம் மாற்றி அனுப்பும் உண்டியல்காரரிடம் போனார்கள்; அவர் கூடுதல் விலை தந்தார். 2020-இல் 7 பில்லியனைத் தாண்டியிருந்த அனுப்புபணம் 2022-இல் 4 பில்லியனுக்கும் கீழே. அந்த நிலையிலும் 2022 ஜனவரி 18-ஆம் திகதி முதிர்ந்த 500 மில்லியன் டொலர் முறியை அரசு ஒரு சதமும் குறையாமல் கட்டியது. அதற்குப் பிறகு சில வாரங்களில் எரிபொருள் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் முற்றின. என் கணிப்பில் இந்த நெருக்கடியின் ஆக மோசமான ஒற்றைத் தீர்மானம் அதுதான். ஏப்ரல் 12-ஆம் திகதி, கையில் ஏதும் மிஞ்சாத நிலையில், வெளிக்கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும்: வரிக்குறைப்பு இல்லாமல் இருந்திருந்தால் தப்பியிருக்குமா? தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்பவர்களும் உண்டு, எப்படியும் சில ஆண்டுகளில் விழுந்திருக்கும் என்பவர்களும் உண்டு. இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது சிறியது: மோசமான வரிக்கொள்கை எந்த நாட்டையும் நோகடிக்கும், ஆனால் கடன் முப்பது ஆண்டுச் சலுகைக் கடனாக இருந்த நாட்டில் அது மெதுவான நோவாக வரும், டொலர் முறிகள் வரிசையாக முதிரும் நாட்டில் மாரடைப்பாக வரும். 2020-இல் சாம்பியாவும் 2022-இன் இறுதியில் கானாவும் விழுந்ததும் ஏறக்குறைய இதே வகைக் கடன்களோடுதான்.

இனி யார் தலையில் விழுந்தது என்பதற்கு வருகிறேன். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், அதாவது அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். ஒரு டொலர் 203 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360-ஐச் சுற்றி. ஒரு பில்லியன் டொலர் கடன் 203 பில்லியன் ரூபாயிலிருந்து 360 பில்லியனாக ஆனது. கூடுதலாக ஒரு சதம்கூட கடன் வாங்காமல். இது அரசின் கணக்கு. வீட்டுக் கணக்கு எப்படி மாறியது என்பது, அந்த வீடு எந்த நாணயத்தில் வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருந்தவர், ஏற்றுமதி வருமானத்தை மாற்றாமல் வெளியே வைத்திருந்தவர், காணியிலும் இறக்குமதிச் சரக்கிலும் பணத்தைப் போட்டிருந்தவர் ஆகியோருக்கு ரூபாய் விழுந்தது பெரிய நட்டமாக இருக்கவில்லை. சிலருக்கு அது ஆதாயம். சம்பளமும் சேமிப்பும் ரூபாயிலேயே இருந்தவருக்கு வெளியேற வாசல் இருக்கவில்லை. நிதி உலகமயம் ஏற்றத்தாழ்வைக் கூட்டுவது முக்கியமாக இந்த வாசல் வழியாகத்தான் என்பது என் கருத்து. சிலருக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. விலை எல்லோருக்கும் ஏறுகிறது.

மலையகத்தைப் பாருங்கள். தேயிலை டொலர் கொண்டுவரும் பண்டம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அன்றைய விலையில் அது ஏறக்குறைய 5 டொலர். 2022 நடுப்பகுதியில் அதே 1,000 ரூபாய் 2.80 டொலருக்கும் கீழே. கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒரு கிலோவின் ரூபாய் விலை அந்த ஆண்டு முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்தது. இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததால் விளைச்சல் சரிந்ததும் செலவு கூடியதும் உண்மை, ஆகவே ஏறிய விலை முழுவதும் கம்பனிகளின் இலாபம் என்று எழுதிவிட முடியாது. ஆனால் சம்பளம் அசையவில்லை. 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவு மட்டும் 94.9. கோதுமை மாவில் வயிறு நிரப்பும் குடும்பத்துக்கு எந்த எண் பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 3.65 டொலர் என்ற கோட்டை வைத்து உலக வங்கி கணக்கிட்ட வறுமை 2021-இல் 13.1 சதவீதம், 2022-இல் 25.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. தனியார் துறையில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் மாதாமாதம் அதற்குப் போகும்; ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி; பணத்தில் மிகப் பெரும்பகுதி அரசின் திறைசேரி முறிகளில் கிடக்கிறது. கணக்கைப் பாருங்கள். 2020 டிசம்பரில் ஒருவரின் கணக்கில் 100 ரூபாய் இருந்ததாக வைப்போம். 2021-க்கு 9 சதவீதம், 2022-க்கு 9, 2023-க்கு 13 என்று வட்டி சேர்ந்தது. மூன்று ஆண்டு முடிவில் 134 ரூபாய். அதே மூன்று ஆண்டுகளில் டிசம்பருக்கு டிசம்பர் விலைவாசி 12.1, 57.2, 4.0 என்று ஏறியது. 100 ரூபாய்ச் சாமான் 183 ரூபாய். 134-ஐ 183-ஆல் வகுத்தால் 0.73. அதாவது வாங்கும் சக்தியில் 27 சதவீதம் கரைந்துவிட்டது. 2024-இல் விலைகள் சற்று இறங்கியதால் ஒரு பகுதி மீண்டது உண்மை. ஆனால் 2022-இலோ 2023-இலோ ஓய்வு பெற்று எடுத்தவருக்கு அந்த மீட்சி இல்லை; நட்டம் அன்றே கையில் கிடைத்துவிட்டது.

அதே 2022-இன் இறுதியில், கையில் ரொக்கம் வைத்திருந்தவர் மூன்று மாதத் திறைசேரி உண்டியலை வாங்கினால் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. (இது அரசு குறுகிய காலத்துக்கு விற்கும் கடன்பத்திரம், முன்பு சொன்ன உண்டியல்காரரின் தொழிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பணவீக்கத்தை அது முழுதாக ஈடுகட்டவில்லைதான். ஆனாலும் 2023-இல் விலையேற்றம் சடாரென்று இறங்கியபோது, முந்தைய ஆண்டு அந்த வட்டிக்கு நீண்ட கால முறிகளாகப் பூட்டி வைத்தவர்களுக்கு நல்ல அறுவடை. ஒரே அரசு, ஒரே நாணயம். பணத்தை எப்போது எங்கே நகர்த்தலாம் என்ற சுதந்திரம்தான் வேறு.

பிறகு வந்தது உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. 2023 ஜூன் இறுதியில் அறிவித்து, வங்கிகளை நீண்ட விடுமுறையில் மூடி, ஜூலை 1-ஆம் திகதி, சனிக்கிழமை, நாடாளுமன்றத்தில் 122-க்கு 62 என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள், தாம் வைத்திருந்த முறிகளைக் கொடுத்துப் புதிய முறிகளைப் பெற வேண்டும். அவற்றுக்கு 2025 வரை 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் வட்டி, முதிர்வு 2038 வரை நீளும். மறுத்தால் முறி வருமானத்தின் மீதான வரி 14-இலிருந்து 30 சதவீதமாகும். இதை விருப்பத் தெரிவு என்று அழைத்தார்கள். வங்கிகளின் முறிகளையும் தனியார் கைகளில் இருந்த முறிகளையும் தொடவில்லை. வங்கிகளை விட்டதற்கு அரசு சொன்ன காரணத்தில் சாரம் இருக்கிறது: ஏற்கனவே கனமான வரி கட்டுகின்றன, வாராக்கடன் ஏறிவிட்டது, வெளிநாட்டு முறிகளிலும் அடி வாங்கப்போகின்றன; இன்னும் அடித்தால் மக்கள் வைப்புப் பணத்தை எடுக்க ஓடுவார்கள். வைப்பாளர்களும் சாதாரண மக்கள்தான். ஆனால் இந்தக் காரணம் எதுவும், உச்ச வட்டியில் முறி வாங்கிய தனிப்பட்ட பணக்காரருக்கும் முறி வணிக நிறுவனங்களுக்கும் பொருந்தாது. அவர்களை ஏன் விட்டார்கள் என்பதற்கு எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. சேமலாப நிதியின் நீண்டகால நட்டம் எத்தனை என்பதில் மதிப்பீடுகள் மிகவும் வேறுபடும். எந்த எதிர்கால வட்டியோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகும். குறைந்தபட்சம் 9 சதவீதம் தருவதாக அரசு உறுதி கொடுத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வெளிநாட்டு முறிதாரர்களோடு நடந்தது வேறு வகை. அவர்களுக்கு ரொத்ஸ்சைல்ட் என்ற நிதி நிறுவனம் ஆலோசகர், அரசுக்கு லசார்ட் என்ற இன்னொன்று. பேச்சு இரண்டரை ஆண்டு நீண்டது. முறி ஒப்பந்தங்கள் நியூயோர்க் சட்டத்துக்கு உட்பட்டவை. 2022 ஜூலையில் முதிர்ந்த ஒரு பில்லியன் டொலர் முறியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்த ஹமில்டன் ரிசேர்வ் வங்கி, முழுத்தொகையும் வேண்டும் என்று நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. ஏன் நான்கில் ஒரு பங்கு? அந்த முறியின் நிபந்தனைகளை மாற்ற 75 சதவீதத்தினர் இணங்க வேண்டும். ஒருவர் 25-க்கு மேல் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் மாற்ற முடியாது. சேமலாப நிதி உறுப்பினருக்கு நியூயோர்க் நீதிமன்றமும் இல்லை, 25 சதவீதத் தடையுரிமையும் இல்லை. ஒரு வார இறுதிதான் இருந்தது. பந்திக்கு முந்தியவர்கள் படைக்குப் பிந்திக்கொள்ள இப்படியான ஏற்பாடுகள்தான் உதவுகின்றன.

2024 டிசம்பரில் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றைப் பெறும் பரிமாற்றம் முடிந்தபோது, முதல் தொகையில் 27 சதவீதம் வெட்டு என்று அறிவித்தார்கள். மேலே சேமலாப நிதிக்கு வந்த 27-உடன் இது பொருந்துவது தற்செயல். ஒன்று விலைவாசியால் தேய்ந்தது, மற்றது ஒப்பந்தத்தில் வெட்டியது, இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வெட்டின் எடையும் ஆளுக்கு ஆள் மாறும். ஓர் உதாரணக் கணக்கு (உண்மையான புதிய முறிகள் இதைவிடச் சிக்கலானவை): 100 டொலர் முறி 73 டொலராகி, பத்து ஆண்டுக்கு 5 சதவீத வட்டி தருகிறது என்று வைப்போம். 5 சதவீதக் கழிவு வீதத்தில் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் வீதம்) இன்றைய மதிப்பு அதே 73. சந்தை 11 சதவீதம் எதிர்பார்த்தால் மதிப்பு 47. 2019-இல் 100 கொடுத்து வாங்கிய ஓய்வூதிய நிதியத்துக்கு இது பலமான அடி. 2022-இன் இறுதியில், முறி 30-ஐச் சுற்றி விழுந்து கிடந்தபோது வாங்கியவருக்கு 47 என்பது நல்ல இலாபம். ஆகவே "முறிதாரர்கள் நட்டப்பட்டார்கள்" என்பதும் "கொள்ளை அடித்தார்கள்" என்பதும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்களுக்கு உண்மையாகலாம். இலங்கை வங்கிகளே ஒரு பகுதி முறிகளை வைத்திருந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

வரிப் பக்கத்தை வேகமாகக் கடக்கிறேன். 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2022-இல் 12, பிறகு 15. 2024 ஜனவரியில் 18. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. வருமான வரியும் உயர்ந்தது, அதை நடுத்தர வர்க்கம் சத்தமாக எதிர்த்தது. ஆனால் வசூலின் முதுகெலும்பு நுகர்வு வரிதான். 2023-இல் வந்த அஸ்வெசும உதவித்தொகை ஒரு பகுதியைத் தாங்கியது, தெரிவுப் பட்டியலில் ஏராளமான முறைப்பாடுகளோடு.

அரசுக் கடனுக்கு வெளியே, உலகப் பணம் நேராகக் கிராமத்துக்குள் வந்த வழி ஒன்றும் உண்டு: நுண்கடன். 2009-க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் குவிந்தன. நுண்கடன் கம்பனிகள் பலவற்றுக்குப் பின்னால் ஐரோப்பிய அபிவிருத்தி நிதி நிறுவனங்களும் "சமூகப் பயன்" முதலீட்டு நிதியங்களும் கொடுத்த பணம் இருந்தது. ஐந்தாறு பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை, வாராவாரம் தவணை. இதில் ஏமாற்றும் இடம் வட்டிக் கணக்கு. 50,000 ரூபாய், ஓராண்டு, "24 சதவீதம்" என்பார்கள். நிலையான கணக்கில் 12,000 வட்டி சேர்த்து 62,000-ஐ 52 வாரமாகப் பிரித்தால் வாரம் 1,192 ரூபாய். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாகப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கையில் ஆண்டு முழுவதும் இருந்தது 50,000-இல் பாதிதான். குறையும் நிலுவையில் கணக்கிட்டால் உண்மையான வட்டி 44 சதவீதத்துக்கு அருகில் வரும். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர், 220 சதவீதம் வரை வட்டி வாங்கப்படுவதாகப் பதிவு செய்தார். அந்த ஆண்டு வறட்சி மாவட்டங்கள் 12-இல், பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, தவணை தவறிய கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. வரம்பு உரிமம் பெற்ற கம்பனிகளுக்கு. உரிமம் இல்லாத கைமாற்று வட்டிக்காரர்களை அது தொடவில்லை. 2021-இல் பொலன்னறுவை ஹிங்குரக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது இந்தக் கடன்களுக்கு எதிராகத்தான்.

இலங்கை ஒரு நாடு. ஒரு நாட்டை வைத்து விதி எழுத முடியாது. பல நாடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், சர்வதேச நாணய நிதியத்தின் சொந்த ஆய்வாளர்கள் மூவர் 2016-இல் எழுதியது கவனிக்க வேண்டியது. அந்த நிதியமே பல காலம் கதவைத் திறக்கச் சொன்ன இடம் என்பதால். 1980-க்குப் பிறகு ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் வெளிநாட்டு முதல் வெள்ளமாகப் பாய்ந்த தருணங்கள் சுமார் 150. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நிதி நெருக்கடியில் முடிந்தது. மூலதனக் கணக்கைத் திறந்த பிறகு, அதாவது முதலீட்டுப் பணம் எல்லை தாண்டிப் போய்வர விட்ட பிறகு, வருமான ஏற்றத்தாழ்வும் கூடியதாக அவர்கள் கண்டார்கள். கூடிய அளவு சராசரியில் மிதமானது. நிதி அமைப்புகள் உறுதியாக இருந்த நாடுகளில் அது இன்னும் குறைவு. நேரடி முதலீட்டுக்கு இந்தக் குற்றச்சாட்டு பெரிதாகப் பொருந்தாது. குறுங்காலக் கடனுக்குத்தான் பொருந்தும். ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குறியீட்டை இலங்கைக்கு வைத்து வாதாடுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அது வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. திறைசேரி உண்டியலில் 30 சதவீதம் வாங்கியவரும் வெளிநாட்டில் டொலர் வைத்திருப்பவரும் கணக்கெடுப்பாளரிடம் அதைச் சொல்வதில்லை. குறியீடு அசையாமல் இருந்தாலும் மேலே சொன்ன இடப்பெயர்வு நடந்திருக்கலாம்.

இனிமேல் செய்தி வாசிக்கும்போது கடனின் மொத்த அளவை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள். ஓராண்டில் கட்ட வேண்டிய டொலர் எத்தனை, ஏற்றுமதியும் அனுப்புபணமும் சேர்ந்து எத்தனை. எந்தெந்த ஆண்டில் முதல் முதிர்கிறது. அரச வருமானத்தில் வட்டி எத்தனை பங்கு. நாணய நிதியம் இலங்கைக்குக் கடன் தர வகுத்த திட்டத்தின் அளவுகோல்களில் இரண்டு: 2032-இல் அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், 2027-இலிருந்து 2032 வரை வெளிநாட்டு நாணயக் கடன் கொடுப்பனவு எந்த ஆண்டிலும் உற்பத்தியில் 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 95 என்பது இன்னும் உயரமான கடன்தான் என்று பலர் சொல்வது நியாயமான விமர்சனம். புதிய முறிகளில் ஒரு பகுதி பொருளாதார அளவோடு கட்டப்பட்டவை: 2025 முதல் 2027 வரை டொலரில் கணக்கிட்ட சராசரி உற்பத்தி நிதியத்தின் கணிப்பைத் தாண்டினால், 2028-இலிருந்து முறிதாரருக்குக் கொடுப்பது கூடும், கணிப்புக்குக் கீழே போனால் குறையும். உண்மை வளர்ச்சி (விலையேற்றத்தைக் கழித்த வளர்ச்சி) தொடர்பான ஒரு காப்பு நிபந்தனையும் உண்டு. ஆனால் டொலரில் அளக்கும் உற்பத்தி, ரூபாய் வலுத்தாலே ஏறிவிடும். வயலிலோ தொழிற்சாலையிலோ கூடுதலாக ஒன்றும் விளைந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே 2027 வரை மாற்று வீதத்தையும் உண்மை வளர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறித்து வாருங்கள். 2028-இல் கூடுதல் கொடுப்பனவு என்று செய்தி வந்தால், அது எதனால் வந்தது என்று அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.